என்கோடரின் பல்ஸ் எண்ணிக்கையை மாற்றுவது எப்படி? மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோவிலோ புதூர் தொழிற்பேட்டையிலோ வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இந்தச் சிக்கல் உங்களைத் தேடி வரும். பிளாஸ்டிக் ஷீட்டை அளந்து வெட்டும் மெஷினில் என்கோடர் (ஷாஃப்ட் சுற்றுவதைப் பல்ஸாக மாற்றித் தரும் கருவி) போய்விட்டது. பழைய நேம்பிளேட்டில் 600 பிபிஆர், அதாவது ஒரு சுற்றுக்கு 600 பல்ஸ், என்று போட்டிருக்கிறது. கடையில் கேட்டால், "600 இப்போ இல்லைண்ணே, 1024தான் இருக்கு, போட்டுக்கலாம்" என்கிறார்கள்.

போடலாம். ஆனால் அப்படியே மாட்டி ஓட்டினால், ஒரு மீட்டரில் வெட்ட வேண்டிய ஷீட் 586 மில்லிமீட்டரிலேயே வெட்டுப்பட்டு விழும். 600 பல்ஸ் வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று மெஷின் நம்பிக்கொண்டிருக்கிறது. புது என்கோடரோ ஒரு சுற்றுக்கு 1024 பல்ஸ் தருகிறது. இந்த இரண்டையும் எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்கோடருக்கும் திரையில் தெரியும் மில்லிமீட்டருக்கும் நடுவில் எண்ணிக்கையை மாற்றக்கூடிய இடங்கள் பல உண்டு: பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) புரோகிராம், பிஎல்சியின் கவுண்டர், சர்வோ டிரைவின் பாராமீட்டர், நடுவில் வைத்துப் பல்ஸைக் குறைக்கும் டிவைடர் போர்டு, என்கோடரே, கடைசியாக ரோலரும் பல்சக்கரமும். என் கருத்து உறுதியானது. புரோகிராமிலிருந்து ஆரம்பித்து என்கோடரை நோக்கி வாருங்கள். புரோகிராமிலேயே முடிகிற வேலைக்கு ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டியதே இல்லை.

முதலில் உள்ளே நடப்பது

ஒரு எல்இடி, எதிரே ஒளியுணரும் சில்லு, நடுவில் ஷாஃப்டோடு சுழலும் வட்டத்தகடு. தகட்டில் ஒளி போகும் கீற்றும் மறைக்கும் கோடும் மாறி மாறி இருக்கும். தகடு சுற்றும்போது ஒளி விட்டு விட்டு விழும், அதுவே பல்ஸ். ஏ, பி என்று இரண்டு சேனல்கள். ஒன்றுக்கு மற்றொன்று கால் சுழற்சி, அதாவது 90 டிகிரி தள்ளி வரும். ஏ முந்தினால் ஒரு திசை, பி முந்தினால் எதிர்த்திசை. இசட் என்ற மூன்றாவது சேனல் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பல்ஸ் தரும்.

ஒரு முழு பல்ஸ் சுழற்சிக்குள் ஏ ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கும், பியும் அப்படியே. ஆக நான்கு விளிம்புகள். கவுண்டர் ஒரு விளிம்பை மட்டும் எண்ணினால் ஒரு மடங்கு, நான்கையும் எண்ணினால் நான்கு மடங்கு. 1024 பிபிஆர் என்கோடரில் நான்கு மடங்கு வைத்தால் ஒரு சுற்றுக்கு 4096 எண்ணிக்கை கிடைக்கும். சில கம்பெனிகள் சிபிஆர் என்று போடுவார்கள். அதைச் சிலர் சுழற்சிகளின் எண்ணிக்கை என்றும், சிலர் நான்கு மடங்கான எண்ணிக்கை என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். டேட்டாஷீட்டில் எது என்று பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாமே நான்கு மடங்கு தப்பாக வரும்.

எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து இரண்டு கணக்குகள் போட வேண்டும்.

ஒன்று, வேலைக்கு எவ்வளவு நுணுக்கம் தேவை? அளக்கும் ரோலரின் சுற்றளவு 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 600 பிபிஆரில் ஒரு பல்ஸுக்கு 0.5 மி.மீ.; நான்கு மடங்கில் 0.125 மி.மீ. ஷீட்டின் நீளம் கூடக் குறைய 1 மி.மீ. வரை போகலாம் என்று ஆர்டரில் இருந்தால், அந்த 1 மி.மீட்டருக்குள் ஐந்து முதல் பத்து எண்ணிக்கை அடங்குவது நல்லது. இங்கே எட்டு அடங்குகிறது. போதும். 5000 பிபிஆர் என்கோடர் வாங்கித் தரும்படி முதலாளியிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டு, கவுண்டர் தாங்குமா? சூத்திரம் சின்னதுதான்: நிமிடச் சுற்று × பிபிஆர் ÷ 60 = ஒரு செகண்டுக்கு வரும் பல்ஸ். மேலே சொன்ன ரோலரில் ஷீட் நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடினால் ரோலர் 200 சுற்று சுற்றும். 1024 பிபிஆர் போட்டால் செகண்டுக்குச் சுமார் 3,400 பல்ஸ். எந்த பிஎல்சியின் வேகக் கவுண்டரும் இதைத் தாங்கும். அதே என்கோடரை 1440 சுற்று ஓடும் மோட்டாரின் பின்பக்கம் மாட்டினால் 24.6 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். அங்கே 2500 பிபிஆர் போட்டால் 60 கிலோஹெர்ட்ஸ். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யுவின் ஏ-பி கவுண்டர் 50 கிலோஹெர்ட்ஸ்தான் எடுக்கும். சீமென்ஸ் எஸ்7-1200 தன் வேகமான இன்புட்டுகளில் ஏ-பி முறையில் 80 வரை எடுக்கும். எல்லை தாண்டினால் பிஎல்சி எரர் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சத்தமில்லாமல் பல்ஸை விட்டுவிடும். மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது அளவு சரியாக இருந்து, புரொடக்‌ஷன் வேகத்தில் நீளம் கூடினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும்.

பிபிஆர் குறைவாக இருந்தாலும் தொல்லை உண்டு. நிமிடத்துக்கு 10 சுற்று மட்டும் ஓடும் ரோலரில் 100 பிபிஆர் வைத்து, பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வேகம் பார்த்தால், ஆறு முறை பார்ப்பதற்கு ஒரு பல்ஸ்தான் வரும். திரையில் வேகம் பூஜ்யத்துக்கும் மேலுக்கும் தாவிக்கொண்டிருக்கும். அங்கே 1000 பிபிஆரை நான்கு மடங்கில் எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஆறேழு எண்ணிக்கை வந்து, அளவு நிதானமாகிவிடும்.

புரோகிராமில் மாற்றுவது

600 போய் 1024 வந்த கதைக்கு இதுவே போதுமான மருந்து. புரோகிராமில் எங்கோ ஓர் இடத்தில் எண்ணிக்கையை மில்லிமீட்டராக மாற்றும் வரி இருக்கும். அங்கே பழைய மதிப்பு 0.5. புதிய மதிப்பு 300 ÷ 1024, அதாவது 0.29296875. இதை 0.29 என்று சுருக்கிப் போடுகிறவர்கள் உண்டு. சுருக்கினால் ஒரு மீட்டர் ஷீட் 1010 மில்லிமீட்டராக வெட்டுப்படும். ஒரு ரோலுக்கு எவ்வளவு மெட்டீரியல் வீண் என்று பாருங்கள்.

தசமம் இல்லாமல் முழு எண்ணில் செய்வதே எனக்குப் பிடித்த முறை: முதலில் பெருக்கு, பிறகு வகு. எண்ணிக்கை × 300000 ÷ 1024 என்று போட்டால் விடை மைக்ரானில் வரும். ஆனால் 32 பிட் எண்ணின் உச்சம் 2,147,483,647. 300000-ஆல் பெருக்கினால் 7,158 எண்ணிக்கையிலேயே அது நிரம்பிவிடும்; அதாவது இரண்டு மீட்டர் ஷீட்டில். பின்னத்தைச் சுருக்குங்கள். 300000/1024 என்பதும் 9375/32 என்பதும் ஒன்றுதான். இப்போது 229,064 எண்ணிக்கை வரை, கிட்டத்தட்ட 67 மீட்டர் வரை தாங்கும். ஒவ்வொரு வெட்டிலும் கவுண்டரைப் பூஜ்யமாக்கும் மெஷினுக்கு இது தாராளம்.

பூஜ்யமாக்காமல் ஷிஃப்ட் முழுக்க எண்ணிக்கொண்டே போகும் மெஷின் என்றால் இன்னும் கவனம் தேவை. 1000 பிபிஆர், நான்கு மடங்கு, 1500 சுற்று என்றால் நிமிடத்துக்கு 60 லட்சம் எண்ணிக்கை. ஆறு மணி நேரம் முடிவதற்குள் 32 பிட் கவுண்டர் நிரம்பி மைனஸுக்குப் புரண்டுவிடும். காலையில் நன்றாக ஓடிய மெஷின் மதியத்துக்கு மேல் மக்கர் பண்ணுவதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம். தசம எண்ணாக மாற்றினால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 32 பிட் தசம எண்ணில் 16,777,216-க்கு மேல் ஒன்று ஒன்றாகக் கூட்டுவது பதிவாகாது.

ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை எண்ணிக்கை என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் புரோகிராமும் உண்டு. 1000 மி.மீட்டருக்கு 3413.33 வரும். 3413 என்று வைத்தால் ஒரு ஷீட்டில் 0.1 மி.மீ. குறையும், தனித்தனி ஷீட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் பிரிண்ட் அடித்த ரோலில், படத்துக்குப் படம் நீளத்தை மட்டும் நம்பி வெட்டினால் அந்தக் குறை சேர்ந்துகொண்டே போகும். ஆயிரம் படத்தில் பத்து சென்டிமீட்டர். சிவகாசிப் பக்கம் பிரிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். மீதி வரும் 0.33-ஐ அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கவுண்டரில் மாற்றுவது

இது சின்ன வேலை. எஸ்7-1200-இல் வேகக் கவுண்டரின் அமைப்பில் சாதாரண ஏ/பி அல்லது நான்கு மடங்கு ஏ/பி என்று தேர்வு செய்யலாம். எஃப்எக்ஸ்3யுவில் சி251 கவுண்டரை எம்8198 ரிலே ஆன் செய்து நான்கு மடங்காக்கலாம். என்கோடரைத் தொடாமலே நுணுக்கம் நான்கு மடங்கு கூடுகிறது. ஒரு பைசா செலவில்லை.

எஸ்7-1200-இல் புதியவர்களை அலைக்கழிக்கும் இன்னொன்று: டிஜிட்டல் இன்புட்டின் ஃபில்டர் முதலில் 6.4 மில்லிசெகண்டில் இருக்கும். அதோடு விட்டால் 78 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உள்ளே வராது. ஏ, பி இணைத்த இன்புட்டுகளில் அதைச் சில மைக்ரோசெகண்டுக்குக் குறைத்தால்தான் கவுண்டர் எண்ண ஆரம்பிக்கும்.

சர்வோ டிரைவின் பாராமீட்டர்

சர்வோ மோட்டாரின் உள்ளே இருக்கும் என்கோடர் லட்சக்கணக்கில் எண்ணிக்கை தந்தாலும், அந்த மோட்டாரை இயக்கும் டிரைவ் அதை வகுத்து, நாம் கேட்கும் அளவில் ஏ-பி பல்ஸாக வெளியே கொடுக்கும். டெல்டா ஏ2 வகையில் இது பி1-46. யாஸ்காவா சிக்மா-5-இல் பிஎன்212. மிட்சுபிஷி ஜே3, ஜே4 வகைகளில் பிஏ15. கடைசியாகச் சொன்னதில் ஒரு வேறுபாடு உண்டு. யாஸ்காவாவில் 2048 என்று இருந்தால் ஏ சேனலில் 2048 பல்ஸ் வரும். மிட்சுபிஷியில் 4000 என்று இருந்தால் அது நான்கு மடங்கான கணக்கு. ஏ சேனலில் வருவது 1000தான். ஒரு கம்பெனி டிரைவை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டும்போது பழைய எண்ணை அப்படியே எழுதிவிடக் கூடாது.

மாற்றிய பிறகு பவரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். இந்த வகைப் பாராமீட்டர்கள் பலவும் அதற்குப் பிறகே நடைமுறைக்கு வரும்.

நடுவில் டிவைடர் வைப்பது

பழைய மெஷினில் புரோகிராமைத் திறக்க முடியாது, பாஸ்வேர்டு தெரியாது, செய்தவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை. அப்போதுதான் இந்த வழி. நம் ஊர்ப் பட்டறைகளில் இது அடிக்கடி நேர்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பலருக்கும் முதலில் தோன்றுவது, ஏவுக்கு ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் (இரண்டு பல்ஸுக்கு ஒரு பல்ஸ் தரும் சர்க்யூட்), பிக்கு ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் போட்டு இரண்டையும் பாதியாக்குவது. செய்யாதீர்கள். பல்ஸ் பாதியாகும், ஆனால் 90 டிகிரி இடைவெளி 45 ஆகிவிடும். பவர் போடும்போது இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப்பும் எந்த நிலையில் எழும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒன்று மாறி எழுந்தால் திசையே தலைகீழாகத் தெரியும். அதைவிட மோசம் அதிர்வு. ரோலர் நின்றிருக்கும்போது பக்கத்து மெஷினின் அதிர்வில் ஏ மட்டும் விளிம்பில் நின்று துடித்தால், சரியான கவுண்டர் ஒன்று கூட்டி ஒன்று கழித்துச் சமன் செய்துவிடும். ஃபிளிப்-ஃப்ளாப்புக்குக் கழிக்கத் தெரியாது. ஒவ்வொரு துடிப்பையும் புது பல்ஸ் என்று எண்ணும்.

சரியான வழி மூன்று படி. ஏ-பியை நான்கு மடங்கில், திசையோடு, ஒரு கவுண்டரில் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை வேண்டிய எண்ணால் வகுக்க வேண்டும். வரும் ஈவை மறுபடி நான்கால் வகுத்து, மீதியைப் பார்த்து ஏ-பியைப் புதிதாக உருவாக்க வேண்டும். மீதி 0 என்றால் இரண்டும் அணைந்திருக்கும். 1 என்றால் ஏ மட்டும் எரியும். 2 என்றால் இரண்டும் எரியும். 3 என்றால் பி மட்டும். இந்த வரிசையில் எப்போதும் ஒரு சேனல்தான் மாறுகிறது, 90 டிகிரியும் கெடாது, திசை திரும்பினால் வரிசையும் தானாகத் திரும்பும். 1000 பிபிஆரை நான்கால் வகுத்தால் சுத்தமான 250 பிபிஆர் கிடைக்கும்.

இதை ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற சின்ன போர்டில் எழுதலாம். ஆர்டுவினோ ஊனோ சில கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சமாளிக்கும். அதற்கு மேல் அதை நம்பி மெஷினை ஓட்ட வேண்டாம். சி மொழியில் எழுதுகிறவர்கள் கவனிக்க: மைனஸ் எண்ணை வகுக்கும்போது அது பூஜ்யத்தை நோக்கி முழுமையாக்கும். நான்கால் வகுத்தால் −3 முதல் +3 வரை ஏழு எண்ணிக்கையும் பூஜ்யம் ஆகிவிடும். மற்ற இடங்களில் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு படி. பூஜ்யத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் தடுமாறும். எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்கும்படி எழுதுங்கள்.

மின்னழுத்தத்தையும் பாருங்கள். 24 வோல்ட் புஷ்-புல் என்கோடரை நேரடியாகப் போர்டில் கொடுத்தால் போர்டு அப்போதே போய்விடும். நடுவில் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் ஐசி) வேண்டும். கையில் கிடைக்கும் பிசி817 இந்த வேகத்துக்கு மந்தம். 6என்137 போன்ற வேகமானதைப் போடுங்கள். 5 வோல்ட் லைன் டிரைவர் என்கோடர் என்றால் ஏ, அதன் தலைகீழான ஏ-பார் என்று ஜோடியாக வரும். அதற்கு 26எல்எஸ்32 போன்ற ரிசீவர் ஐசி. டிவைடரின் வெளிப்பக்கமும் பழைய என்கோடர் கொடுத்த அதே வகை சிக்னலைத் தர வேண்டும்.

இசட் சேனலை மறந்துவிடக் கூடாது. 1000-ஐ மூன்றால் வகுத்தால் 333.33. இசட் வரும்போது ஏ-பி ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு நிலையில் இருக்கும். இசட்டைப் பிடித்து ஹோமிங் செய்யும், அதாவது தன் தொடக்க இடத்தைத் தேடிப் பிடிக்கும், மெஷினில் மீதியில்லாமல் வகுபடும் எண்ணையே எடுங்கள். நம் பக்கம் மின்தடைக்குப் பிறகு இன்கிரிமென்டல் என்கோடர் (இடத்தை நினைவில் வைக்காமல் பல்ஸ் மட்டும் தருவது) வைத்த எந்த மெஷினும் தன் இடத்தை மறந்திருக்கும், ஹோமிங் செய்துதான் எழும். அந்த நேரத்தில் இசட் தடுமாறினால் வேலை நின்றுவிடும்.

என்கோடரிலேயே மாற்றுவது

புரோகிராம் செய்யக்கூடிய என்கோடர்கள் வந்துவிட்டன. சிக் கம்பெனியின் டிஎஃப்எஸ்60 வகையில் அப்படிப்பட்ட மாடலை வாங்கினால், ஒரு சுற்றுக்கு 1 முதல் 65,536 வரை எந்த எண்ணையும் அவர்களுடைய கருவியால் எழுதிக்கொள்ளலாம். பத்து வகை மெஷினுக்குப் பத்து வகை என்கோடர் ஸ்டோரில் வைப்பதற்குப் பதில் ஒன்றிரண்டு வைத்தால் போதும். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு நாள் புரொடக்‌ஷன் நின்றால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டு முதலாளியிடம் பேசுங்கள். புது எண்ணை எழுதியதும் பழைய எண் என்கோடரில் இல்லாமல் போகிறது என்பதால், இரண்டையும் உடனே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சைன்-கோசைன் சிக்னல் தரும் என்கோடரும் உண்டு. சதுர பல்ஸுக்குப் பதில் அலையாக வரும். அந்த அலையைப் பிரித்துப் பத்து மடங்கு, இருபத்தைந்து மடங்கு என்று பெருக்கும் இன்டர்போலேட்டர் தனியாகக் கிடைக்கும்.

சாதாரண என்கோடரைத் திறந்து வட்டத்தகட்டை மட்டும் மாற்றலாமா என்று ஐடிஐ முடித்து வரும் பையன்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். கூடாது. எதிரே இருக்கும் முகமூடித் தகட்டின் கீற்றுகளும் சில்லும் அந்தக் கோட்டு எண்ணிக்கைக்கு என்றே செய்யப்பட்டவை. மூடியைத் திறந்தாலே தூசி போகும். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் துகளும், ரப்பர்ப் பட்டறையில் கரியும் காற்றிலேயே இருக்கின்றன.

எண்ணிக்கை கூடினால் துல்லியம் கூடுமா?

கூடாது. இதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும். இழுபட்டுப்போன தையற்கடை டேப்பில் இன்னும் நெருக்கமாகக் கோடு போட்டாலும் சட்டை அளவு சரியாகிவிடாது. தகடு ஷாஃப்டின் மையத்திலிருந்து 0.01 மி.மீ. விலகி, கோடுகள் 20 மி.மீ. ஆரத்தில் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். சுற்றில் அதிகபட்சமாக 103 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரிக்கு 3600 ஆர்க் செகண்ட்) பிழை வரும். 1024 பிபிஆரில் நான்கு மடங்கு வைத்தால் ஒரு எண்ணிக்கை 316 ஆர்க் செகண்ட். பிழை அதில் மூன்றில் ஒரு பங்குதான், தெரியவே தெரியாது. அதே தகட்டில் 65,536 பிபிஆர் எழுதினால் ஒரு எண்ணிக்கை 5 ஆர்க் செகண்ட். பிழை இருபது எண்ணிக்கைக்கு மேல். அந்தக் கடைசி இலக்கங்கள் திரையில் ஓடும், ஆனால் அளவு அல்ல. வேகத்தை நிதானமாகக் கட்டுப்படுத்த அவை உதவும். நீளத்தைச் சரியாக வெட்ட உதவாது.

வெட்டு அளவுக்கு ரோலர்தான் பெரிய எதிரி. 300 மி.மீ. என்று வரைபடத்தில் இருக்கும் ரோலர் தேய்ந்து 298 ஆகியிருக்கும். பத்து மீட்டர் ஓட்டி, ஷீட்டை டேப் வைத்து அளந்து, வந்த எண்ணிக்கையால் வகுத்து உண்மையான மதிப்பை எடுங்கள். அதைத்தான் புரோகிராமில் எழுத வேண்டும். சின்ன ரோலர் போட்டோ, பல்சக்கரம் வைத்தோ நுணுக்கத்தைக் கூட்டலாம் என்றாலும், பற்களுக்கு நடுவே இருக்கும் ஆட்டம் திசை திரும்பும்போது அப்படியே அளவில் சேரும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மாட்டிய பிறகு சோதனை

பவரை அணைத்துவிட்டு ஒயரை மாற்றுங்கள். 5 வோல்ட் என்கோடருக்கு 24 போய்விடாமல் நிறத்தை டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஷீல்டு ஒயர்தான் வேண்டும், விஎஃப்டியிலிருந்து (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே டிரேயில் போடக் கூடாது. கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூவை இறுக்கி, ஷாஃப்டின் மேலும் கப்ளிங்கின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். வழுக்கினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு கையால் பத்து சுற்று முன்னால் சுற்றுங்கள். 1024 பிபிஆர், நான்கு மடங்கு என்றால் 40,960-ஐ ஒட்டி வர வேண்டும். பத்து சுற்று பின்னால் சுற்றினால் பூஜ்யத்தை ஒட்டித் திரும்ப வேண்டும். கையால் சுற்றும்போது சில எண்ணிக்கை கூடக் குறைய இருப்பது இயல்பு. நூற்றுக்கணக்கில் இருந்தால் எங்கோ வழுக்குகிறது, அல்லது மதிப்புத் தப்பு.

கடைசியாக மெஷினை முழு வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு இசட் பல்ஸின்போதும் கவுண்டரின் மதிப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளின் வித்தியாசம் ஒவ்வொரு முறையும் 4096-ஆகவே இருக்க வேண்டும். குறைந்தால் கவுண்டர் பல்ஸை விடுகிறது, வேகக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கூடினால் இரைச்சல் பல்ஸாக எண்ணப்படுகிறது, ஷீல்டையும் எர்த்தையும் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியும் மாறவில்லை என்றால், பேனல் கதவின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பிபிஆர், எத்தனை மடங்கு, ரோலரின் அளந்த சுற்றளவு, மாற்றிய தேதி ஆகிய நான்கையும் எழுதிவிட்டு மெஷினை ஆபரேட்டரிடம் கொடுங்கள்.